அருச்சுனனா, கர்ணனா? வாதாடுவதற்கு முன் ஒரு நிமிஷம்!

(மின்னியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்)



நம் மாணவர் பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டபோது, சூரிய மின்சக்தி, தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று ஏதாவது எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதையெல்லாம் எழுத என்னைவிட நன்றாகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நிஜமாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது சண்டை! பயப்படாதீர்கள், அடிதடி இல்லை. "யாரு பெரிய வீரன்?" என்கிற வாய்ச்சண்டை. பஸ்ஸில், டீக்கடையில், லேப் வாசலில் நாம் எல்லோரும் போடுகிற சண்டைதான். அதை எப்படிப் போட்டால் உருப்படியாக இருக்கும் என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை. இந்தச் சண்டையில் நான் ஒரு நண்பனையும் ஒரு மாதக் கணக்குப் பாடத்தையும் இழந்தவன். அதனால் எனக்குச் சொல்ல உரிமை உண்டு.

சண்டை ஆரம்பித்த கதை

நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பையன். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற ரோடு தெரியுமில்லையா, அந்தப் பக்கம். எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா வைத்தால் ஊரே மாறிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். ராத்திரி தெருக்கூத்து. முகவீணை எங்கேயோ கேட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். கட்டியங்காரன் சிரிக்க வைப்பான். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாட ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்து படுக்க வைத்த அவ்வளவு பெரிய துரியோதனனைப் பீமன் தொடையில் அடிப்பான். சாயங்காலம் தீமிதி.

கர்ண மோட்சம் கூத்து பார்த்துவிட்டு, கண் எரிச்சலோடு காலை பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் என் நண்பன். அவன்தான் எனக்கு சாயங்காலம் சாயங்காலம் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். அவன் அருச்சுனன் கட்சி. நான் கர்ணன் கட்சி.

நான் ஏன் கர்ணன் கட்சி என்று சொல்லிவிடுகிறேன். போட்டி மைதானத்தில் கர்ணன் வில்லோடு வந்து நின்றதும் கிருபர் முதலில் கேட்டது, "உன் குலம் என்ன, உன் அப்பா அம்மா யார்?" என்பதுதான். அம்பை விட்டுக் காட்டு என்று கேட்டிருந்தால் அவன் காட்டியிருப்பான். நான் இங்கே சேரும்போது விண்ணப்பத்தில் தகப்பனார் படிப்பு என்ற கட்டத்தில் "இல்லை", தாயார் படிப்பு என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தக் கட்டத்தை நிரப்பினவனுக்குக் கர்ணனைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

பஸ்ஸில் சத்தம் ஏறியது. கடைசியில் நண்பன் ஒரு குண்டு போட்டான். "பீஷ்மரே உங்காளை அரை ரதன்னு சொல்லிட்டாருடா! முழு ஆளு கூட இல்ல, பாதி!" பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வாரமே ரிசல்ட் வந்தது. கணக்கில் எனக்கு அரியர். "கர்ணன் மட்டுமில்ல, அவன் கட்சிக்காரனும் அரைதான்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் வகுப்பில் அதுவே என் பெயராகிவிட்டது. "டேய் அரை, இங்க வாடா!"

நான் சீட்டை மாற்றிக்கொண்டேன். அவனோடு பேச்சை நிறுத்தினேன். சாயங்காலக் கணக்கும் நின்றது.

தாத்தா கேட்ட கேள்வி

எங்கள் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் வருஷா வருஷம் பாரதம் கேட்டுக் கேட்டு அவர் காதிலேயே ஒரு புத்தகம் இருக்கிறது. அவரிடம் போய், "தாத்தா, அருச்சுனன் பெருசா, கர்ணன் பெருசா?" என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே திருப்பிக் கேட்டார்:

"யாரு பாரதம் கண்ணு? வியாசரு சொன்னதா, வில்லி பாடுனதா, நம்ம கூத்து வாத்தியாரு ஆடுனதா?"

நண்பர்களே, அந்த ஒரு கேள்வியில் பாதி சண்டை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நூலகத்தில் உரைநடைப் பாரதத்தை எடுத்துப் படித்தேன். படித்ததையும் தாத்தா சொன்னதையும் சேர்த்து ஐந்து விதிகளாகத் தருகிறேன்.

விதி 1: எந்தக் கதை என்று முதலில் சொல்

பாரதம் ஒன்று என்று நாம் நினைக்கிறோம். வியாசர் பெயரால் வழங்கும் சமஸ்கிருத பாரதத்திலேயே ஏட்டுக்கு ஏடு வித்தியாசம் உண்டு. புனேயில் உள்ள பண்டார்க்கர் நிறுவனம் 1919-ல் தொடங்கி 1966-ல்தான் ஏடுகளை ஒப்பிட்டு ஒரு செம்பதிப்பை முடித்தது. 47 வருஷ வேலை! சுயம்வரத்தில் கர்ணனைத் திரௌபதி "வேண்டாம்" என்று சொன்னதாக நாம் கேட்ட காட்சி எல்லா ஏட்டிலும் இல்லை. அதனால் அது அந்தப் பதிப்பின் மூலத்தில் இடம் பெறவில்லை.

தமிழில் 9-ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார். பிறகு வில்லிபுத்தூரார் பாடினார். கூத்து இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு தன் பாட்டையும் சேர்த்துக்கொண்டது. தமிழ்க் கர்ணனுக்கு ஒரு தனி பலம் உண்டு, அது அவன் செய்த தர்மம். அடிபட்டுக் கிடக்கும்போதும் அவன் உயிரை அந்தத் தர்மம் காக்கிறது. கண்ணன் அந்தணர் வேஷத்தில் வந்து அந்தப் புண்ணியத்தையே தானமாக வாங்கிக்கொண்ட பிறகுதான் கர்ணன் சாகிறான். வில்லியிலும் இது உண்டு, கூத்திலும் உண்டு, 1964-ல் பந்துலு எடுத்த "கர்ணன்" படத்தில் சிவாஜியும் என்.டி.ராமாராவும் நடித்த காட்சியும் இதுதான். சமஸ்கிருத பாரதத்தில் இது இல்லை.

அப்படியென்றால் நடந்தது என்ன? நண்பன் சமஸ்கிருத பாரதத்து அரை ரதனைக் கொண்டுவந்தான். நான் கூத்துக் கர்ணனைக் கொண்டுவந்தேன். இரண்டு வேறு மெஷினுக்கு ஒரே டெஸ்ட் ரிப்போர்ட் எழுதினால் எப்படி?

விதி 2: பட்டியல் யார் போட்டது, எதற்குப் போட்டது என்று பார்

வீரர்களுக்கு மார்க் போடுகிற பழக்கம் இந்தக் காலத்துப் பசங்கள் கண்டுபிடித்தது இல்லை. பாரதத்திலேயே இருக்கிறது. உத்தியோக பருவத்தில், போர் தொடங்கும் முன்னால், "இரண்டு பக்கத்திலும் யார் யார் எவ்வளவு பலம்?" என்று துரியோதனன் கேட்கிறான். பீஷ்மர் வரிசையாகச் சொல்கிறார். தேரில் நின்று போரிடும் வீரன் ரதன். அவனுக்கு மேலே அதிரதன். சும்மா வீரம் பேசியதில்லை, அது முறையான தர வரிசை.

தருமன் ரதன். நகுலனும் சகாதேவனும் ரதர்கள். பீமன் ஒருவனே எட்டு ரதருக்குச் சமம். அருச்சுனனுக்கு நிகர் இரண்டு படையிலும் இல்லை. அவனை எதிர்த்துப் போகக்கூடியவர்கள் துரோணரும் தானும்தான், மூன்றாவது ஆள் கிடையாது என்கிறார். அசுவத்தாமன் விஷயத்தில் ஒரு வேடிக்கை. அவனுக்கு வித்தை அபாரம். ஆனால் உயிர்மேல் ஆசை அதிகம், அதனால் அவனை ரதன் என்றும் சொல்ல மாட்டேன், அதிரதன் என்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்! கைத்திறனுக்கு மட்டும் இல்லை, மனசுக்கும் மார்க் போட்டிருக்கிறார் பாருங்கள்.

அடுத்தது கர்ணன். கவச குண்டலம் போய்விட்டது, பரசுராமர் சாபம் இருக்கிறது, அந்தணர் சாபமும் இருக்கிறது, அதனால் அவன் அரை ரதன்தான் என்கிறார். துரோணரும் ஆமாம் என்று தலையாட்டுகிறார். கர்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "பீஷ்மர் விழுகிற வரைக்கும் நான் ஆயுதம் எடுக்க மாட்டேன்" என்று ஒதுங்கிவிடுகிறான்.

இதன் விலையைக் கணக்குப் போடுங்கள். ஒரு அக்குரோணி என்றால் தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. கூட்டினால் 2,18,700. கௌரவருக்கு 11, பாண்டவருக்கு 7, ஆக 18 அக்குரோணி. மொத்தம் 39,36,600. இவ்வளவு பெரிய சண்டை 18 நாள் நடக்கிறது. அதில் பீஷ்மர் தளபதியாக இருந்த முதல் 10 நாளும் கர்ணன் களத்தில் இல்லை! ஒரு வார்த்தையால் கௌரவர்கள் தங்கள் சிறந்த வில்லாளி ஒருவனைப் பாதிப் போருக்கு மேல் வெளியே உட்கார வைத்தார்கள்.

விதி 3: ஒரு ஜெயிப்பு, ஒரு தோல்வியை வைத்துத் தரம் சொல்லாதே

கர்ணன் தோற்ற இடங்கள் உண்டு, மறைக்க வேண்டாம். காட்டில் சித்திரசேனன் என்ற கந்தர்வனின் படை வந்தபோது தேரை இழந்து விகர்ணன் தேரில் ஏறி விலகினான். விராட நகரத்தில் அருச்சுனன் ஒற்றை ஆளாகப் பீஷ்மர், துரோணர், கிருபர், அசுவத்தாமன், கர்ணன் எல்லோரையும் மடக்கினான். நண்பன் கட்சிக்கு இது பெரிய சாட்சி.

ஆனால் 14-ஆம் நாளைப் பாருங்கள். அன்று பீமன் கர்ணனின் தேரைத் திரும்பத் திரும்ப உடைத்தான். அதே நாள் கடைசியில் கர்ணன் பீமனை நிராயுதபாணியாக்கி, வில் நுனியால் தொட்டு, திட்டிவிட்டு, உயிரோடு விட்டான். குந்திக்குக் கொடுத்த வாக்கு! காலையில் பார்த்தவன் பீமன் பெரியவன் என்பான், மாலையில் பார்த்தவன் கர்ணன் பெரியவன் என்பான்.

இன்னும் நல்ல உதாரணம் சயத்திரதன். வனவாசத்தில் திரௌபதியைத் தூக்கிப் போனவன். பீமன் அவனைப் பிடித்து உதைத்து, தலையில் ஐந்து குடுமி வைத்துச் சிரைத்து அனுப்பினான். அதே சயத்திரதன் 13-ஆம் நாள் வியூகத்தின் வாசலில் நின்று பீமன், தருமன், நகுலன், சகாதேவன் நாலு பேரையும் உள்ளே விடாமல் நிறுத்திவிட்டான். அதனால்தான் அபிமன்யு உள்ளே தனியாக மாட்டினான். "என்னடா கதை இது? நேத்து உதை வாங்கினவன் இன்னிக்கு எப்படி நாலு பேரைத் தடுக்கிறான்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் கதை முன்னாலேயே பதில் சொல்லி வைத்திருக்கிறது. அவமானப்பட்டவன் சிவனை நோக்கித் தவம் செய்தான். அருச்சுனன் தவிர மற்ற நாலு பேரையும் ஒரு நாள் தடுக்கலாம் என்று வரம் வாங்கினான். ஒரே நாள், நாலு பேர், அருச்சுனன் இல்லை. அன்று அருச்சுனனைச் சம்சப்தகர்கள் வேறு பக்கம் இழுத்துப் போயிருந்தார்கள். எல்லாம் பொருந்துகிறது! ஆக சயத்திரதன் பீமனைவிடப் பெரியவன் என்றும் சொல்ல முடியாது, கதை ஓட்டை என்றும் சொல்ல முடியாது.

விதி 4: நேம் பிளேட்டோடு கண்டிஷனையும் படி

நம் பாடத்துக்கு வருவோம். ஒரு மோட்டாரின் நேம் பிளேட்டில் 5 எச்.பி. என்று இருக்கும். அதோடு 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கும். அந்த வோல்டேஜ் வந்தால்தான் அந்த 5 எச்.பி. எங்கள் பக்கம் கிணற்று மோட்டாரைக் கேளுங்கள்! இன்டக்ஷன் மோட்டாரில் டார்க், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 80 சதவீதம் ஆனால் டார்க் 64 சதவீதம்தான். லோ வோல்டேஜில் திணறுகிற மோட்டாரைப் பார்த்து "இது மட்டமான மோட்டார்" என்று சொல்கிறவன் எலெக்ட்ரிகல் படித்தவன் இல்லை.

17-ஆம் நாள் கர்ணன் எந்த வோல்டேஜில் ஓடினான் என்று பாருங்கள். கவச குண்டலத்தை இந்திரன் முன்பே வாங்கிக்கொண்டான். அதற்கு மாற்றாகக் கிடைத்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு தடவைதான் பயன்படும். அதை 14-ஆம் நாள் இரவில் கடோற்கசன் மேல் விட்டுவிட்டான். பரசுராமர் சாபத்தால் வேண்டிய நேரத்தில் மந்திரம் மறக்கும். அந்தணர் சாபத்தால் தேர்ச் சக்கரம் மண்ணில் இறங்கும். சாரதியாக வந்த சல்லியன் வழியெல்லாம் மட்டம் தட்டுகிறான். நாகாஸ்திரத்தை விட்டபோது கண்ணன் தேரை அழுத்திவிட, அது அருச்சுனனின் கிரீடத்தோடு போயிற்று. இரண்டாம் தடவை விட மாட்டேன் என்று கர்ணன் நிற்கிறான். தமிழில் அது குந்திக்குக் கொடுத்த வரம். சமஸ்கிருதத்தில் அது அவன் வீர வைராக்கியம். காரணம் வேறானாலும் இரண்டு கதையிலும் விதி ஒன்றுதான்.

அப்போ கர்ணன்தான் பெரியவன் என்று கை தட்டிவிடாதீர்கள். கண்டிஷன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அருச்சுனன் பக்கம் கண்ணன் சாரதி, அனுமன் கொடி, அக்கினி தேவன் மூலம் கிடைத்த காண்டீபமும் தேரும். போர் முடிந்த பிறகு கண்ணன் முதலில் அருச்சுனனை இறங்கச் சொல்லி, பிறகு தான் இறங்குகிறார். இறங்கியதும் தேர் எரிந்து சாம்பலாகிறது. துரோணரும் கர்ணனும் விட்ட அஸ்திரங்களால் அது எப்போதோ எரிந்திருக்க வேண்டியது, நான் உட்கார்ந்திருந்ததால் நின்றது என்கிறார். இன்னும் பல வருஷம் கழித்து, கண்ணன் மறைந்த பிறகு, துவாரகைப் பெண்களை அழைத்து வரும்போது தடி வைத்திருந்த கொள்ளைக்காரர்கள் மறிக்கிறார்கள். அருச்சுனனால் காண்டீபத்தை நாண் ஏற்றவே கஷ்டமாக இருக்கிறது. அஸ்திரம் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெண்களைக் காப்பாற்ற முடியவில்லை.

அதே ஆள், அதே வில், சப்ளைதான் நின்றுபோயிற்று. பாரதம் முழுக்க இந்த விதி மாறவில்லை. பலம் என்பது யாரோ கொடுத்தது, ஒரு நாள் திருப்பி வாங்கிக்கொள்ளப்படும். கர்ணனுக்குச் சண்டைக்கு முன்னே வாங்கிக்கொண்டார்கள், அருச்சுனனுக்குச் சண்டைக்குப் பின்னே. அவ்வளவுதான்.

விதி 5: கதை தன் சட்டத்தைத் தானே மீறுகிறதா என்று பார்

மாயாஜாலக் கதையில் எதுவும் நடக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தப்பு. எதுவும் நடக்கலாம் என்றால் பார்க்கிறவனுக்குப் பயமும் இருக்காது, ஆசையும் இருக்காது. முதலில் சட்டம் சொல்ல வேண்டும், பிறகு அதன்படி நடக்க வேண்டும்.

வாலியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே நின்று போரிடுகிறவன் பலத்தில் பாதி வாலிக்கு வந்துவிடும் என்பது கம்பன் கதையில் வரும் வரம். இதைக் கணக்காகப் போடுவோம். எதிரியின் பலம் 100, வாலியின் பலம் வெறும் 10 என்று வைப்போம். பாதி கழன்று வாலியிடம் போனால் எதிரிக்கு 50, வாலிக்கு 60. எதிரி 1000 ஆனாலும் 500-க்கு 510. எந்த எண் போட்டாலும் வாலிதான் ஜெயிப்பான்! ஆனால் எதிரியிடம் குறையாமல் வாலிக்குப் பாதி கூடும் என்று மட்டும் வரத்தைப் புரிந்துகொண்டால்? எதிரி 100, வாலி 60. தோற்றுவிடுவான். ஒரே வரத்துக்கு இரண்டு அர்த்தம், இரண்டு விடை. இதை முதலில் பேசிக்கொள்ளாமல் வாதாடினால் விடிந்தாலும் முடியாது. முதல் அர்த்தப்படி நேருக்கு நேர் நின்று வாலியை யாராலும் வெல்ல முடியாது. அதனால்தான் இராமன் மறைந்து நின்று அம்பு விடவேண்டி வந்தது. அது தர்மமா என்பது வேறு வழக்கு. ஆனால் கணக்குப்படி வேறு வழி இல்லை.

இரணியன் வரமும் ஒரு ஸ்பெசிஃபிகேஷன் மாதிரிதான். மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. நரசிங்கம் எந்த வரியையும் மீறவில்லை. எழுதாமல் விட்ட இடத்தில் வந்தது: அந்தி நேரம், வாசற்படி. இராவணனும் தேவர், அசுரர் என்று பட்டியல் போட்டுவிட்டு மனிதனை அலட்சியமாக விட்டான்.

வெளிநாட்டுக் கதைகளும் இந்தப் பாடத்தைப் படித்தவைதான். 1938-ல் வந்த சூப்பர்மேன் முதலில் பறக்கவே இல்லை, தாவத்தான் செய்தான். பலம் ஏற ஏற அவனை எதிர்க்க ஆள் இல்லாமல் போயிற்று. 1943-ல் வானொலித் தொடரில் கிரிப்டோனைட் என்ற பலவீனம் வந்து சேர்ந்தது. டிராகன் பால் கதையில் பலத்தை எண்ணால் காட்டும் ஒரு கருவியே உண்டு. ஆனால் பலத்தை மறைக்கத் தெரிந்தவனிடம் அந்தக் கருவி ஏமாந்துபோகும். நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் 1972-ல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவியைச் சொல்வார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. எவ்வளவு அழகான சட்டம்! முழுக்க மறைந்திருந்தால் கதை சப்பென்று போயிருக்கும்.

சட்டம் இடிக்கிற இடத்தில் நம் முன்னோர் என்ன செய்தார்கள் தெரியுமா? அரவானைப் பாருங்கள். தமிழ்க் கதையில் போருக்கு முன்பே களப்பலி ஆகிறான். ஆனால் சமஸ்கிருத பாரதத்தில் 8-ஆம் நாள் அலம்புசனோடு போரிட்டு இறக்கிறான். பலியானவன் எப்படிப் போரிடுவான்? இடிக்கிறது. உடனே ஒரு வரம் வந்தது. பலியான பின்னும் உயிர் தங்கி 8-ஆம் நாள் வீர மரணம் அடையும்படி அரவான் கண்ணனிடம் கேட்டுக்கொண்டான் என்று பெருந்தேவனார் பாடினார். கதையில் விழுந்த கீறலை மறைக்கவில்லை, தச்சன் ஆப்பு வைக்கிற மாதிரி ஒரு வரத்தை வைத்து இறுக்கிவிட்டார்கள். சித்திரை மாதம் கூவாகத்தில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் அந்த ஆப்பு எவ்வளவு உறுதி என்று தெரியும்.

கடைசியில் யார் ஜெயித்தது?

இந்த ஐந்து விதியையும் வைத்துப் பார்த்தால் என் முடிவு இது. சமஸ்கிருத பாரதத்தில், இருவருக்கும் உள்ளதை உள்ளபடி வைத்தால், அருச்சுனன் ஒரு படி மேல். விராட நகரத்தில் கண்ணன் இல்லாமலேயே ஜெயித்ததை நான் தள்ள முடியாது. கவசமும் சக்தி ஆயுதமும் இருந்த கர்ணனோடு அவன் கடைசிவரை மோதவே இல்லை. அந்தச் சண்டை நடக்கவில்லை, அதனால் அதற்கு விடையும் கிடையாது. கூத்துப் பாரதத்தில் கர்ணனை ஜெயித்தது வில் இல்லை, தானம் கேட்ட கைதான். அதனால் அங்கே யாரும் அவனை வெல்லவில்லை. ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்கிறார்களே, அது கர்ணன் குந்தியிடம் சொன்னது என்பார் தாத்தா. பாண்டவரோடு ஆறாவது ஆளாகச் சேர்ந்தாலும் சாவு, நூறு கௌரவரோடு நின்றாலும் சாவு. தெரிந்தேதான் நின்றான்.

ஆனால் நான் படித்ததில் என்னை நிறுத்திய இடம் இது எதுவும் இல்லை. பீஷ்ம பருவத்தின் கடைசிப் பக்கங்கள். பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார். எல்லோரும் போன பிறகு கர்ணன் தனியாக வருகிறான். பீஷ்மர் அவனை ஒரு கையால் அணைத்துக்கொள்கிறார். உன் வேகத்தை அடக்கத்தான் கடுமையாகப் பேசினேன், வில்வித்தையிலும் கைவேகத்திலும் நீ அருச்சுனனுக்கும் கண்ணனுக்கும் சமமானவன் என்று சொல்கிறார். அரை ரதன் என்று மார்க் போட்டவரே தன் மார்க்கைத் திருத்துகிறார்! அந்தப் பத்து நாளைத்தான் யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

அதைப் படித்த அன்று எனக்கு இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, மார்க் போடுகிறவன் யோசித்துப் போட வேண்டும். இன்னொன்று, மார்க் வாங்கினவன் அதற்காகப் பத்து நாள் கூடாரத்தில் உட்காரக் கூடாது. நான் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன். நஷ்டம் யாருக்கு? அவனுக்கு ஒன்றும் இல்லை, அவன் எல்லாப் பேப்பரும் பாஸ். எனக்குத்தான் இன்டக்ரேஷன் புரியாமல் போயிற்று.

மறுநாள் பஸ்ஸில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வணக்கம் கூடச் சொல்லவில்லை. "டேய், பீஷ்மர் சொன்னதைப் பாதிதான்டா நீ படிச்சிருக்க" என்று ஆரம்பித்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து காலேஜ் வரும்வரை அம்புப் படுக்கைக் கதையைச் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். இறங்கும்போது, "சாயங்காலம் நோட்டை எடுத்துட்டு வாடா" என்றான். அவ்வளவுதான். "அரை" என்று அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை. மற்றவர்கள் கூப்பிட்டால் இப்போது எனக்குக் கோபமும் வருவதில்லை. அரை ரதன் யார் என்று நின்று கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன், அவர்களே ஓடிவிடுகிறார்கள்!

அரியர் பேப்பரை மறுபடி எழுதியிருக்கிறேன். இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது ரிசல்ட் வந்திருக்கும்.

நண்பர்களே, வாதாடுங்கள். நன்றாக வாதாடுங்கள். வாதாடினால்தான் கதை உயிரோடு இருக்கும். ஆனால் எந்தக் கதை, யார் போட்ட தரம், எத்தனை முறை பார்த்தது, எந்தக் கண்டிஷன், என்ன சட்டம் என்று ஐந்தையும் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கதையில் வரும் வீரனுக்கு எத்தனை மார்க் வேண்டுமானாலும் போடுங்கள், அவனுக்கு வலிக்காது. பக்கத்து சீட்டில் இருக்கிறவனுக்குப் போடும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்.

இந்த வருஷமும் எங்கள் பக்கம் கூத்து வைப்பார்கள். பாயோடு வாருங்கள். தாத்தா பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன்.